சிவப்பு வால் அரணைகள் எங்கே?

“அப்பா, சாமந்திய எங்க கூட்டிட்டுப் போறீங்க?”

“நல்ல எடத்துக்குத்தாம்மா. அடிக்கல, வெரட்டல. பத்திரமா விட்டுட்டு வந்துடறேன்.”

“அங்க பால் கிடைக்குமா?”

“போதும் கேள்வி. பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு பாரு.”

தை மாதத்தில் ஒருநாள் காலை நடந்த பேச்சு இது. குசுமாவதிக்கு இதில் ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. கோணிப்பையின் வாயைக் கட்டிக்கொண்டேதான் அப்பா பதில் சொன்னார். பைக்குள்ளிருந்து ‘மியாவ்’ என்று குரல் வந்தது.

‘வேணாம்பா, நம்ம வீட்லயே இருக்கட்டும்’ என்று கேட்க நினைத்தாள் குசுமா. அதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். கேட்க வந்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அம்மா மருதேவிக்குக் கோபம் வரக் காரணம் இருந்தது. சாமந்திப்பூ நிறத்தில் எங்கிருந்தோ வந்து சேர்ந்த அந்தப் பூனை முதலில் பாலைத் திருடியது. அதைக்கூட அம்மா பொறுத்துக்கொண்டார். ஒருநாள் அது அடுப்படியிலேயே ஒரு பல்லியைப் பிடித்துத் தின்றது. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அவர்கள் சமணக் குடும்பம். குடிக்கிற தண்ணீரை அம்மா துணியை மடித்துப் போட்டு வடிகட்டுவார். துணியில் தங்கிய சின்னஞ்சிறு உயிர்களை மறுபடி கிணற்றிலேயே விட்டுவிடுவார். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பல்லியின் உயிர் போய்விட்டது!

“இந்த வீட்ல ஒரு உசுரு சாகக்கூடாது. பூனைய எங்கயாவது விட்டுட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார்.

முழுப்பரீட்சை லீவு வந்தது. குசுமாவின் வகுப்புத்தோழி வள்ளி ஓடி வந்தாள்.

“ஏய் குசுமா, அம்மா ஏரிக்குப் போறாங்க. தெப்பத்துல வரியா?”

வள்ளியின் அம்மா வெள்ளையம்மாள் கோயில் கடைகளுக்குத் தாமரைப்பூ பறித்துக் கொடுப்பவர். காலி எண்ணெய் டின்களை மூங்கிலில் கட்டி ஒரு தெப்பம் வைத்திருந்தார். ஏரியின் நடுவே பாறையும் முள்ளுச்செடியுமாக ஒரு திட்டு உண்டு. போன வருஷம் குசுமா அங்கே போயிருக்கிறாள். எந்தக் கல்லைப் புரட்டினாலும் சிவப்பு வாலை ஆட்டிக்கொண்டு ஓர் அரணை ஓடும். கரையில் அப்படி ஒன்றைப் பார்ப்பதே அபூர்வம்.

அம்மா கட்டிக் கொடுத்த தயிர்சோற்றுத் தூக்குடன் குசுமா கிளம்பினாள். வெள்ளையம்மாள் அவர்களைத் திட்டில் இறக்கிவிட்டுப் பூப்பறிக்கப் போனார்.

குசுமா ஒரு கல்லைப் புரட்டினாள். ஒன்றும் ஓடவில்லை. இன்னொரு கல். அதிலும் இல்லை. பாறையைச் சுற்றி வந்தார்கள். ஓர் அரணைகூடக் கண்ணில் படவில்லை.

“எல்லாம் எங்கடி போச்சு?”

“அரணைக்கு மறதி ஜாஸ்தின்னு எங்க மாமா சொல்வாரு. எங்கயாவது போயி, வீட்டுக்கு வழி மறந்துபோயிருக்கும்” என்றாள் வள்ளி.

“அத்தனைக்குமா மறந்துபோகும்? சுத்தித் தண்ணிடி. எங்க போகும்?”

“நீந்திப் போயிருக்கும்.”

“ஏரிக்கரையிலயே இருந்துக்கினு உனக்கே நீந்த வராது.”

“நான் இன்னா அரணையா?”

இருவரும் சிரித்தார்கள். அப்போதுதான் ஒரு கல்லின் ஓரத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. குசுமா குனிந்து எடுத்தாள். காய்ந்துபோன வால். சற்றுத் தள்ளி இன்னொன்று கிடந்தது.

“வால் மட்டும் கிடக்குது. அரணையக் காணோமே!”

“யாராவது புடிச்சா அது வாலை விட்டுட்டு ஓடிடும்” என்றாள் வள்ளி.

“அப்போ யாரோ புடிக்கறாங்க. யாரு?”

ஈர மணலில் பூப்போல் சின்னச் சின்னத் தடங்கள் பதிந்திருந்தன. குசுமா அவற்றின் பின்னாலேயே நடந்தாள். முள்ளுச்செடியின் அடியில் இரண்டு பூனைக்குட்டிகள் ஒரு சிவப்பு வாலைத் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தன. பின்னாலிருந்து “மியாவ்” என்று கேட்டது.

சாமந்திப்பூ நிறம்!

“சாமந்தி!”

சாமந்தி ஓடிவந்து அவள் காலில் உரசியது. குசுமாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

தெப்பத்தை ஒதுக்கிவிட்டு வந்த வெள்ளையம்மாள் பார்த்துவிட்டார். “உங்கப்பாதான் கண்ணு, கோணிப்பையில கட்டிக் குடுத்தாரு. மூச்சு விடணும்னு பையில ஓட்டைகூடப் போட்டிருந்தாரு. தண்ணி தாண்டி விட்டாத்தான் பூனை திரும்பி வராதாம். வரும்போது ஒண்ணு. இப்போ மூணு!”

அந்த நேரம் பாறை இடுக்கிலிருந்து ஒரு தலை நீண்டது. அரணை! வால் இருந்த இடத்தில் ஒரு மொட்டை நுனிதான் இருந்தது. சாமந்தியின் காதுகள் நிமிர்ந்தன. உடம்பைத் தாழ்த்தியது.

குசுமா குறுக்கே பாய்ந்து சாமந்தியை வாரித் தூக்கிக்கொண்டாள். அரணை இடுக்குக்குள் மறைந்தது.

“அத்தை, இதுங்கள இப்பவே கரைக்குக் கூட்டிட்டுப் போலாமா?”

“உங்கப்பா சொல்லாம நான் ஏத்த மாட்டேன். காலையில மறுபடி வருவேன். வீட்ல கேட்டுட்டு வா.”

காலை வரைக்கும் அந்த அரணை பிழைத்திருக்க வேண்டுமே! குசுமா தூக்கைத் திறந்து தயிர்சோற்றை முழுவதும் ஒரு தாமரை இலையில் கொட்டினாள்.

“அடியே, நமக்கு?” என்றாள் வள்ளி.

“வயிறு நிறைஞ்சா தூங்கும்டி. தூங்கினா வேட்டைக்குப் போகாது.”

அப்படியேதான் ஆனது. மூன்றும் நக்கித் தின்றுவிட்டு நிழலில் சுருண்டன. வள்ளி மட்டும் வழிநெடுக, “எனக்குப் பசிக்குது” என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். அப்பா சக்கரவர்த்தி தட்டின் முன் உட்கார்ந்தார். குசுமா ஒரு தீப்பெட்டியைத் திறந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

“என்னது, வாலா? சாப்பிடற எடத்துலயா?” என்று அம்மா பின்வாங்கினார்.

“சாமந்தி தின்ன அரணையோடதும்மா. ஒண்ணு ரெண்டு இல்ல. அந்தத் திட்டு நெறைய இருந்துதுங்க. இப்போ நான் பாத்தது ஒண்ணே ஒண்ணுதான். அதுக்கும் வாலில்ல.”

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. “நான் அத நல்லதுக்குத்தானம்மா அங்க விட்டேன்.”

“தெரியும்பா. ஆனா நம்ம வீட்டுப் பல்லிக்கு ஓடறதுக்குச் சுவர் இருக்கு, உத்தரம் இருக்கு. அரணைக்கு எங்க ஓடறது? சுத்தித் தண்ணி. சாமந்திக்கும் பாவம், அங்க யாரு சோறு போடுவாங்க?”

அம்மா தீப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வடிகட்டும் துணி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அம்மாவின் பார்வை ஒருமுறை அதன் பக்கம் போய் வந்தது.

“உசுரு சாகறது நிக்கல, நம்ம கண்ணுக்கு மறைவாப் போச்சு. அவ்ளோதான்” என்றார் மெதுவாக.

பிறகு எழுந்தார். தரையில் இருந்த பால் சட்டியை எடுத்து, எட்டாத உயரத்தில் தொங்கிய உறியில் வைத்தார். நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஆட்டியும் பார்த்தார்.

அப்பா அதைக் கவனித்தார். அவர் மீசைக்குள் ஒரு சிரிப்பு ஒளிந்துகொண்டது.

“சரி, உனக்கு இன்னா வேணும்? வாயத் தெறந்து கேளு.”

குசுமா அம்மாவைப் பார்த்தாள். உறியைப் பார்த்தாள். தை மாதத்திலிருந்து தொண்டையில் நின்றிருந்தது இப்போது தடையில்லாமல் வெளியே வந்தது.

“சாமந்தி நம்ம வீட்லயே இருக்கட்டும்பா. என் பழைய கொலுசு மணிய அது கழுத்துல கட்டிடறேன், பல்லிக்குச் சத்தம் கேக்கும். தினமும் என் பங்குல பால்சோறு போடறேன். அப்புறம்... குட்டிங்க ரெண்டும் கூட வரட்டும்பா!”