லோத்குண்டாவில் கிடைத்த குண்டுகள்

மண்ணுக்கடியிலிருந்து எடுத்த கண்ணாடி நாக்கில் பட்டால் சில்லென்று இருக்கும். இது வெதுவெதுப்பாக இருந்தது. வேறு யாரோ வாயில் அடக்கி வைத்திருந்து துப்பியதைத் தான் எடுத்துப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கவே, ஹம்சா சட்டென்று அதை உள்ளங்கையில் துப்பிவிட்டுப் புறங்கையால் உதட்டைத் துடைத்தாள். லேசாக உப்புக் கரித்தது.

பழைய கோலிக்குண்டுகளைச் சேர்க்கிறவர்கள் வெளியில் சொல்லிக்கொள்ளாத பழக்கம் இது. வருஷக்கணக்கில் மண்ணில் கிடந்த குண்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல மேலெல்லாம் மங்கியிருக்கும். உள்ளே என்ன நிறம், என்ன சுழி, ஒன்றும் தெரியாது. தண்ணீரில் நனைத்தால் தெரியும். ஆனால் செல்போன் கேமராவைச் சரிசெய்வதற்குள் காய்ந்துவிடும். எச்சில் அவ்வளவு சீக்கிரம் காயாது. நக்கி வைத்துப் படம் பிடித்தால் நேற்று செய்ததுபோல மின்னும். "உனக்கு அருவருப்பே கிடையாதா?" என்று அவள் கணவன் தமிழ்ச்செல்வன் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டான். கிடையாது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

இந்தக் குண்டுகள் அன்று காலைதான் கிடைத்தன. கோடை வந்தால் லாரித் தண்ணீருக்குத் தவம் கிடக்க வேண்டியிருக்கிறதே என்று வீட்டுப் பின்பக்கம், ராணுவ நிலத்துச் சுவரை ஒட்டி, சம்ப் தொட்டி தோண்டச் சொல்லியிருந்தார்கள். தோண்டிக்கொண்டிருந்த யாதய்யா இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்.

"மேடம், ஈட குட்லுன்னாயி. முட்டொத்து."

ஐதராபாத்துக்கு, இந்த லோத்குண்டாவுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் ஹம்சாவின் தெலுங்கு காய்கறிக் கடையைத் தாண்டவில்லை. மெனக்கெடவும் இல்லை, எல்லாம் கிட்டத்தட்டத் தமிழ்தானே என்று ஒரு மிதப்பு. குட்லு என்றால் குண்டு. அவள் ஊரான கோவில்பட்டியில் கோலிக்கு அதுதான் பேர். முட்டொத்து என்றால், முட்டை மாதிரி இருக்கிறது என்கிறார் போல. எட்டிப் பார்த்தால் கரிய களிமண்ணில் கொத்தாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கண்ணாடிக் குண்டுகள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"முட்டை காது யாதய்யா, குண்டு! பில்லலு ஆடுத்தாரு கதா?" முட்டை இல்லை, குண்டு, பிள்ளைகள் விளையாடுவார்களே, அது என்று சொன்னதாக அவளுக்கு நினைப்பு.

"பில்லலா?" என்று திருப்பிக் கேட்ட யாதய்யா அவளையும் அந்தக் கொத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குழியை விட்டு ஏறி, டீ குடித்துவிட்டு வருவதாகக் கையால் காட்டிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். கடப்பாரையை எடுக்கக்கூட வரவில்லை.

அவர் போனால் போகட்டும் என்று அவளே குழிக்குள் இறங்கி இரண்டு கையாலும் அள்ளினாள். குழாயடியில் கழுவியபோது மண் போனதே தவிர, வெண்டைக்காய் நறுக்கிய கை மாதிரி ஒரு கொழகொழப்பு போகவே இல்லை. ஆனால் ஒவ்வொரு குண்டின் ஒரு முனையிலும் சொரசொரப்பாக ஒரு சிறு புள்ளி இருந்ததைப் பார்த்ததும் அதெல்லாம் மறந்துபோனது. கையால் செய்த பழங்காலத்துக் குண்டில்தான், கண்ணாடிக் கம்பியிலிருந்து வெட்டியெடுத்த இடத்தில் அப்படித் தழும்பு இருக்கும். மெஷின் குண்டில் இருக்காது. வெள்ளைக்காரச் சிப்பாயின் பிள்ளைகள் யாரோ விளையாடித் தொலைத்தது என்று முடிவுகட்டிக்கொண்டு, மரத்தட்டில் கறுப்பு வெல்வெட் விரித்து, குழி குழியாக அழுத்தி வரிசையாக அடுக்கினாள். மேலே டேபிள் விளக்கைத் தாழ்த்தி வைத்தாள். ஒவ்வொன்றாக எடுத்து நக்கி, உருளாமலிருக்க ரப்பர் வாஷர் மேல் நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டே வந்தவள், கடைசிக் குண்டில்தான் அந்த வெதுவெதுப்பை உணர்ந்தாள்.

விளக்குச் சூடு என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் படங்களை லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தபோது, அந்தச் சமாதானம் நிற்கவில்லை. முதலில் எடுத்த படத்தில் குண்டுக்குள் வெளிறிய சுழி ஒன்று இடது பக்கம் சுருண்டிருந்தது. அதே குண்டை, அதே வாஷரில், கையே வைக்காமல் எடுத்த அடுத்த படத்தில் வலது பக்கம் சுருண்டிருந்தது. சுழியின் மேல் நூலாக, சிவப்பாக, கிளைவிட்டுச் சில கோடுகள். பாயசத்தில் ஊறி ஊதிப்போன ஜவ்வரிசி ஞாபகம் வந்தது. கடைசிக் குண்டை மறுபடி கையில் எடுத்தாள்.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. சாயங்காலம்தான், ஆனாலும் ஜன்னல் கறுத்துவிட்டது. ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஏ.எஸ்.ராவ் நகர் ஸ்கூலிலிருந்து வேனில் வந்து இறங்கிய மகள் சாஹித்யா, யூனிஃபார்ம்கூட மாற்றாமல் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹம்சா கையிலிருந்த குண்டின் தழும்பைக் கட்டைவிரலால் தடவினாள். அமுங்கியது. கண்ணாடி அமுங்குமா? நகத்தால் குத்தினாள். நகம் உள்ளே போனது. ஒரு சொட்டு தண்ணீர் கசிந்து மணிக்கட்டு வரை வழிந்தது, கூடவே கவிச்சி, பச்சை முட்டைக் கவிச்சி, மூக்கில் ஏறித் தொண்டையில் உட்கார்ந்தது. குண்டைக் கீழே போட்டாள். சத்தமே கேட்கவில்லை. தரையில் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

இத்தனையையும் நக்கியிருக்கிறாள். ஒன்று விடாமல்.

பாத்ரூமுக்கு ஓடி வாயைக் கொப்பளித்தாள். நாக்கைத் தேய்த்தாள். மறுபடி கொப்பளித்தாள். திரும்பி வந்து, காலையிலிருந்து கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டாள்.

"சாஹி, குட்லுன்னா என்னடி?"

"எக்ஸ்." முட்டைகள். டிவியை விட்டுத் திரும்பாமலே வந்தது பதில். குரல் கனமாக, கொழகொழவென்று இருந்தது.

"அப்ப முட்டொத்து? அதுதான முட்டை?"

"நோ மம்மி. முட்டொத்து அண்டே, டோன்ட் டச்."

ஹம்சா மேஜையைப் பார்த்தாள். விளக்குக்கு அடியில் வெல்வெட் இன்னும் ஈரமாக இருந்தது. குழிகளில் பாதி காலி. அவள் பாத்ரூமில் நின்ற நேரமா? அதற்கும் முன்னால், லேப்டாப்பில் மூழ்கியிருந்த நேரமா?

"சாஹி. இந்தப் பக்கம் திரும்பு."

குழந்தை திரும்பினாள். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன.

"எடுத்தியா? வாயத் தொற. தொறடீ!"

சாஹித்யாவுக்குக் கோபம் வந்தது. "நுவ்வு கூடா பெட்டுகுன்னாவ் கதா!"

நீயும்தானே வைத்தாய். ஆமாம். வேனிலிருந்து இறங்கி வந்ததும் மேஜையோரம் நின்று பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், அம்மா ஒவ்வொன்றாக எடுத்துச் சப்பி வைப்பதை. ஹம்சாவுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"சரி. சரிடா தங்கம். அம்மா அடிக்க மாட்டேன். துப்பிரு. அம்மா கையில துப்பிரு."

குழந்தை துப்பினாள். ஹம்சாவின் உள்ளங்கையில் எச்சிலோடு வந்து விழுந்தது குண்டு இல்லை. தோல். திராட்சையை உறிஞ்சிவிட்டுத் துப்பிய மாதிரி, மெல்லிய, கண்ணாடி நிறத் தோல்கள். ஒவ்வொன்றும் தழும்பில் பிளந்திருந்தது. ஒவ்வொன்றும் காலி.

கவிச்சி. ஹால் முழுக்கக் கவிச்சி.

"உள்ள இருந்தது எங்கடி?"

சாஹித்யா உதட்டைப் பிதுக்கினாள். கோபமெல்லாம் போய், கண்களில் நீர் கட்டியது. வயிற்றைத் தொட்டுக்கொண்டாள்.

"மாக்கு ஆக்கலைதுந்தி, அம்மா."

தினமும் வேனிலிருந்து இறங்கியதும் அவள் சொல்வதுதான். பசிக்கிறது. ஆனால் நாக்கு ஆக்கலைதுந்தி என்பாள், எனக்குப் பசிக்கிறது என்று. மாக்கு என்றால் எங்களுக்கு.

இந்தத் தெலுங்கு ஹம்சாவுக்குத் தெரியும்.

"ஆ காட்டு. ஒண்ணுமில்ல. அம்மா எடுத்துர்றேன். பெருசா, ஆ."

குழந்தை அம்மாவை நம்பி வாயைத் திறந்தாள். ஹம்சா ஆள்காட்டி விரலை உள்ளே விட்டாள். கன்னத்தில் ஒன்றுமில்லை. நாக்குக்கு அடியில் ஒன்றுமில்லை. வாந்தியெடுக்க வைத்துவிடலாம் என்று விரலை இன்னும் உள்ளே, அடிநாக்கு வரை கொண்டுபோனாள்.

அங்கே விரல் நுனியை ஏதோ கவ்வியது.

பல் இல்லை. மெத்தென்று, வெதுவெதுப்பாக, ஒரு வாய். பக்கத்தில் இன்னொன்று. நகத்தடியில் ஒன்று. எல்லாம் சேர்ந்து சப்ப ஆரம்பித்தன. அருவருப்பில் அவள் முதுகெல்லாம் கூசியது. கை தானாகப் பின்னால் வரப் பார்த்தது. இழுக்கவில்லை. இழுத்தால் கூடவே என்ன வரும்? பிள்ளையின் எது வரும்?

சாஹித்யா அழவில்லை. அசையாமல், கண்ணைக் கொட்டாமல், அம்மா எடுத்துவிடுவாள் என்று அண்ணாந்து நின்றாள். அவளுடைய கழுத்துத் தோலுக்கு அடியில், உருண்டை உருண்டையாக, ஒன்றன்பின் ஒன்றாக, மிச்சமெல்லாம் மேலே ஏறி வந்துகொண்டிருந்தன.