முதுகில் எழுதிய பாடம்

வாயாடியின் முதல் இங்கிலீஷ் நோட்டு அவள் அப்பாவின் முதுகுதான்.

அப்பாவுக்குக் கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை. சாயங்காலம் வந்ததும் குளித்துவிட்டுக் குப்புறப் படுத்துக்கொள்வார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் தைலம் தேய்ப்பாள். தேய்த்த கையோடு, அன்று பள்ளியில் படித்த சொல்லை அதே முதுகில் விரலால் எழுதிப் பார்ப்பாள்.

அந்த வாரம் முழுக்க back, rock என, c, k என்ற இரண்டு எழுத்தில் முடிகிற குட்டிக் குட்டிச் சொற்கள்.

“l, o, c, k. lock. அப்படின்னா என்னப்பா?”

“பூட்டு. கிடங்குக் கதவுல தொங்குதே.”

“s, o, c, k. sock?”

“காலுறை. என்கிட்ட ஒண்ணு இருக்கு. அதோட ஜோடி எங்க போச்சுன்னுதான் தெரியல.”

“sick?”

“உடம்பு சரியில்லாதது. ஆனா, மேஸ்திரி நம்ப மாட்டார்.”

அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. காதில் விழுந்த சொற்கள் மட்டும் நிறையத் தெரியும். நாலாம் நாள் பழைய சொல் ஒன்றை அவள் வாயைத் திறக்காமல் எழுதினாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டே, “பாறை. rock,” என்றார்.

“எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க?”

“கடைசி ரெண்டு பேரும் தினமும் வர்றவங்கதானே? ஒருத்தன் வாயைப் பிளந்துக்கிட்டு வர்றான். இன்னொருத்தன் காலை நீட்டிக்கிட்டு வர்றான். முன்னாடி வர்றவங்களை மட்டும் கவனிச்சாப் போதும்.”

வெள்ளிக்கிழமை டீச்சர் ஒரு தகர டப்பாவை நீட்டினார். உள்ளே அட்டைகள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும்.

“அர்த்தம் எழுத வேண்டாம். அட்டையில இருக்கிறதையே திங்கட்கிழமை கொண்டுவந்து காட்டணும். வகுப்புல ஏற்கெனவே இருக்கிறது செல்லாது. நல்லாக் காட்டுறவங்க அன்னைக்கு மணி அடிக்கலாம்.”

மணி! அந்தக் கயிற்றை ஒரே ஒரு முறை இழுத்துப் பார்க்க வாயாடிக்கு எவ்வளவு நாள் ஆசை!

பக்கத்தில் உட்காரும் நெட்டையனுக்கு lock வந்தது. வாயாடிக்கு back.

“முதுகா? அது எல்லார்கிட்டயும் இருக்கே. செல்லாது, செல்லாது!” என்று நெட்டையன் குதித்தான்.

“எங்க அப்பா முதுகு மாதிரி இங்க யாருக்குடா இருக்கு?”

வாய் சொல்லி முடித்த பிறகுதான் மூளை யோசித்தது.

வீட்டில், என்ன சொல் என்பதை மட்டும் வேடிக்கைக்காக மறைத்துவிட்டு, விஷயத்தைச் சொன்னதும் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். “ஸ்கூலுக்கா? நானா? வேண்டாம் கண்ணு. யாராவது எதையாவது கொடுத்துப் படிக்கச் சொல்லிட்டா மானம் போயிடும்.”

“சொல்ல மாட்டாங்கப்பா. சத்தியமா. நீங்க சும்மா வந்து நின்னாப் போதும்.”

திங்கட்கிழமை, கிடங்கின் சாப்பாட்டு இடைவேளையில் அப்பா வந்தார். தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். காதோரம் மட்டும் மூட்டைத் தூசி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கே நிற்பதென்று தெரியாமல் கதவோடு ஒட்டி நின்றார்.

“உள்ள வாங்க சார். ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை தூக்குவீங்க?” என்று டீச்சர் கேட்டார்.

“லாரியைப் பொறுத்தது, டீச்சர். நூறுக்குக் குறையாது.”

“அடேயப்பா!” என்றது வகுப்பு.

நெட்டையன் அவர் தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்தான். “கல்லு மாதிரி இருக்கு!” அப்பாவுக்குக் கூச்சம் தாங்கவில்லை. அவர் நெளிய, பிள்ளைகள் சிரிக்க, அவரும் சிரித்துவிட்டார்.

அப்போதுதான் டீச்சர், மரியாதையாக, அந்த அட்டையை அவர் கையில் கொடுத்தார். “விருந்தாளியே படிச்சுச் சொல்லட்டும்.”

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அட்டையிலிருந்த கோடுகள் அவர் கண்ணுக்குப் பழக்கமில்லாதவை. கழுத்தில் வியர்வை இறங்குவதை வாயாடி பார்த்தாள்.

சத்தியம் செய்தவள் அவள். ‘அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது டீச்சர்’ என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னால் அட்டை திரும்பிப் போய்விடும். அப்பாவோ இந்த வாசலை மறுபடி மிதிக்கவே மாட்டார்.

வாழ்க்கையில் முதல் முறையாக வாயாடி வாயை மூடிக்கொண்டாள்.

சட்டையைச் சரி செய்வதுபோல அப்பாவுக்குப் பின்னால் போனாள். விரலை வைத்தாள். ஒரு நேர்கோடு, அடியில் ஒரு தொந்தி. அடுத்து, சின்ன வட்டம், ஓரத்தில் ஒரு வால். பிறகு, வாயைப் பிளந்தவன் வந்தான். காலை நீட்டியவன் வந்தான்.

அப்பாவின் தோள் மெல்லத் தளர்ந்தது.

“back,” என்றார். “முதுகு.”

கைதட்டல் ஓயும்வரை அவர் அட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசி இரண்டு எழுத்தையும் கட்டை விரலால் தடவினார். “ஓ, நீங்கதானா அவங்க!” என்று யாருக்கும் கேட்காமல் சொன்னார். அவளுக்குக் கேட்டது.

“மணி உனக்குத்தான்,” என்றார் டீச்சர்.

“அப்பா அடிக்கட்டும் டீச்சர்.”

மூட்டை தூக்குகிற கை அல்லவா? அப்பா இழுத்த இழுப்பில், பள்ளிக்கூடமே விட்டாச்சு என்று நினைத்துப் பாதிப் பிள்ளைகள் பையோடு வெளியே ஓடி வந்துவிட்டார்கள். அவர்களைப் பிடித்து உள்ளே அனுப்ப டீச்சர்களுக்கு அரை மணி நேரம் ஆனது.

இதெல்லாம் நடந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்த அட்டை வாயாடியின் அலமாரியில் இருக்கிறது. ஓரங்கள் மடங்கிவிட்டன. முகர்ந்தால் லேசாகத் தைல வாசனை வருகிறது. அப்பா இப்போது பேப்பர் படிக்கிறார், கடைப் பலகை படிக்கிறார், மருந்துச் சீட்டைக்கூட விடுவதில்லை.

ஆனாலும், புதுச் சொல் ஒன்று எதிரே வந்தால், அவர் வாய் அதைச் சொல்வதற்கு முன்னால் தோள் ஒரு முறை லேசாக அசையும்.