கடைசியில் நிற்கும் வாசனை

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் புருஷன் அவளுக்கு வைத்த பெயரே ‘கண்ணாடி’. கீழ்ப்படியில் கால் வைக்கும்போதே அந்தப் பெயரைக் கத்திக்கொண்டுதான் வீட்டுக்கு வருவான். இப்போது படியில் அந்தச் சத்தம் இல்லை. போன மழைக்காலத்தில், மூச்சு முட்டுகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

அன்றும் மழைதான். வேலை முடிந்து வந்தவள் கதவருகே கிடந்த பார்சலைப் பார்த்ததும், குடையை மடிக்கக்கூடப் பொறுமையில்லாமல் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். உள்ளே சின்னச் சின்னக் குப்பிகள், சொட்டு விடும் குழாய்கள், முகர்ந்து பார்க்கும் அட்டைத் துண்டுகள், ஒரு பெரிய பாட்டில் ஆல்கஹால். வெந்நீர் வைத்தாலே தீய்க்கிறவள் என்று புருஷன் கேலி செய்வான். அப்படிப்பட்டவள் சென்ட் தயாரிக்கக் கிளம்பிவிட்டாள்.

இருவருக்கும் ஒரே சென்ட்தான். ஆணும் பெண்ணும் போடலாம் என்று எழுதியிருந்த ஓரியண்டல் வகை. வெனிலா, சாம்பிராணி, சந்தனம், லவங்கப்பட்டை எல்லாம் சேர்ந்து, கம்பளிக்குள் புகுந்துகொண்டது போன்ற கதகதப்பு. அதைக் கம்பெனிக்காரன் நிறுத்திவிட்டான். பழைய பாட்டிலின் அடியில் கடைசிச் சொட்டுகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவன் முகம் போட்டோவில் இருக்கிறது, குரல் போனில் இருக்கிறது. வாசனையை எங்கே போய்த் தேடுவது? அது நாளுக்கு நாள் மறந்துபோய்க்கொண்டே இருப்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

வீடியோவில் சொல்லிக்கொடுத்த பெண் நன்றாகத்தான் சொன்னாள்.

“அட்டையில மோந்து பாத்துட்டு முடிவு பண்ணிடாதீங்க. முதல்ல வர்ற வாசனை சும்மா ஆசை காட்டும். தோல்ல போட்டு சாயங்காலம் வரைக்கும் காத்திருங்க. கடைசியா எது நிக்குதோ, அதுதான் உங்க சென்ட். இன்னொண்ணு, எப்பவும் கூடவே இருக்கிற வாசனை நம்ம மூக்குக்குத் தெரியாமப் போயிடும். அடுத்தவங்ககிட்ட மோந்து பாக்கக் கொடுங்க.”

புதிதாக எதைக் கற்றுக்கொள்கிறவர்களுக்கும் அவசரம்தான் முதல் வியாதி. அவள் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் கலவையை முகர்ந்தால் பேக்கரி வாசலில் நிற்பதுபோல் இருந்தது. அடுத்ததில் லவங்கப்பட்டை எண்ணெயைத் தாராளமாக ஊற்றிவிட்டாள்; மணிக்கட்டு எரிந்து சிவந்தது. வெனிலாவைக் குறைத்தாள், சந்தனத்தைக் கூட்டினாள், மேலே கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் எண்ணெய் விட்டாள். ஒரு வழியாக, அட்டையில் முகர்ந்தபோது அசல் பழைய பாட்டில் மாதிரியே வந்தது.

பாட்டில் வந்துவிட்டது. அவன் வரவில்லை.

அவன் தோலில் பட்டபோது அந்த வாசனை வேறாக இருந்தது. குறைவது அவன் உடம்பு வாசனை என்று அவளுக்குப் புரிந்தது. அவன் சட்டைகளையெல்லாம் சொந்தக்காரர்கள் நல்லெண்ணத்தில் துவைத்து அடுக்கிவிட்டார்கள். ஆனால் யாருக்கும் தெரியாமல் ஒன்றை அவள் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் அவன் தலை சாய்ந்திருந்த தலையணை உறை. அவனைத் தூக்கிப் போனபிறகு, உருவித் தன் கைப்பையில் திணித்துக்கொண்டு வந்தது.

அதைத் துண்டுதுண்டாக வெட்டி ஆல்கஹாலில் ஊறப் போட்டு, இருட்டு அலமாரியில் வைத்தாள். சில வாரம் கழித்து வடிகட்டித் தன் கலவையில் சேர்த்தாள். மனசு கேட்காமல் பழைய பாட்டிலின் கடைசிச் சொட்டுகளையும் அதிலேயே கவிழ்த்தாள். இனி அவன் மொத்தமும் அந்த ஒரு குப்பிக்குள்.

விடுமுறை நாள் மத்தியானம் கழுத்தில் தடவிக்கொண்டாள். முதலில் ஆரஞ்சு. பிறகு மெல்ல மெல்லக் கதகதப்பு. கண்ணை மூடினால் அவன் பக்கத்தில் நிற்கிறான். சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு சந்தோஷத்தில் வந்த அழுகை அது.

கொஞ்ச நேரத்தில் வாசனை அவள் கழுத்திலிருந்து வரவில்லை. படுக்கையறையிலிருந்து வந்தது.

கட்டில் கிறீச்சிட்டது, யாரோ உட்காருவதுபோல.

“வந்துட்டியா?” என்று கேட்டாள்.

கண்ணாடி என்று கூப்பிடாமல் அவன் ஒருநாளும் இந்த வீட்டுக்குள் வந்ததில்லை. போதாததற்கு, சத்தம் சுவர்ப் பக்கத்திலிருந்து கேட்டது. அவன் படுப்பது ஜன்னல் பக்கம். இரண்டையும் கவனித்தாள், கவனிக்காததுபோல் தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். ஆசை யாரைத்தான் விட்டது?

பொழுது சாயச் சாய வெனிலா அடங்கியது. சந்தனம் அடங்கியது. அடியிலிருந்து வேறொன்று எழும்பியது. தரை துடைக்கும் மருந்து, புளித்துப்போன கஞ்சி, நாள்கணக்கில் மாற்றாத படுக்கை, காய்ந்த வாய்.

உள்ளே ஓர் இருமல் கேட்டது.

நீளமான, வறண்ட, வயதான இருமல்.

அவள் வாசல் கதவுப் பக்கம் நகர்ந்தபோது, வெளியே யாரோ தட்டினார்கள். திறந்தாள். நாத்தனார். அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்தாள்.

கதவு திறந்த அதே நொடியில் உள்ளே கட்டில் சடாரென்று கிறீச்சிட்டது. படுத்திருந்தவர் யாரோ அவசரமாக எழுந்து உட்கார்ந்ததுபோல.

நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டாள். மூக்கு விடைத்தது.

“அண்ணி, உள்ள யாரு?”

“உங்க அண்ணன்” என்றாள் இவள் கிசுகிசுப்பாக.

“இது அண்ணன் வாசனை இல்ல. எனக்குத் தெரியும் இது. எங்க வார்டு மூலை பெட்டு. என்ன செஞ்சீங்க அண்ணி?”

தலையணை உறையைப் பற்றிச் சொன்னதும் நாத்தனார் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

“அண்ணனுக்கு முன்னாடி அந்தப் பெட்டுல ஒரு பெரியவர் இருந்தாரு. மாசக்கணக்கா. ஒருத்தர்கூட பாக்க வரல. யாரு கதவைத் தொறந்தாலும் எழுந்து உக்காந்துடுவாரு. ‘என்னைக் கூட்டிட்டுப் போக வந்துட்டாங்களா’ன்னு கேப்பாரு. அண்ணன் வந்த அன்னைக்குக் காலைலதான் கண்ணை மூடுனாரு. அண்ணனைக் கொண்டு வந்த பதட்டத்துல நான்தான் உறையை மாத்தல. அண்ணன் தலை அதுல பட்டதே கொஞ்ச நேரம்தான் அண்ணி.”

அவரை யாரும் கூட்டிப் போகவில்லை. இவள்தான் கைப்பையில் வைத்துக் கூட்டி வந்திருக்கிறாள்.

“கொட்டிடுங்க. இப்பவே.”

“அவனோட கடைசிச் சொட்டும் அதுலதான் இருக்கு.”

“அண்ணி!”

கழுவும் தொட்டியில் குப்பியைக் கவிழ்க்க அவள் கை வரவில்லை. உள்ளே மறுபடி இருமல் கேட்டது. இம்முறை சமையலறைக்குப் பக்கத்தில். கவிழ்த்துவிட்டாள். தண்ணீரைத் திறந்துவிட்டாள். புருஷன் கண்ணெதிரே சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தான், அவள் விக்கி விக்கி அழுதாள்.

கழுத்தைத் தோல் சிவக்கத் தேய்த்துக் கழுவினாள். போர்வை, மெத்தை, குப்பிகள் எல்லாம் குப்பைக்குப் போயின. நாத்தனார் சில நாள் கூடவே தங்கினாள். வாசனை குறைந்தது, பிறகு நின்றது. கட்டிலும் சத்தம் போடவில்லை. வீட்டில் எந்த வாசனையும் இல்லை, அவனுடையதும்கூட. அதுவே போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மறுபடி வேலைக்குப் போனாள். மத்தியான வெயில் கடைக்குள் பளிச்சென்று விழுந்திருந்தது. ஓர் அம்மாளுக்குப் புதுக் கண்ணாடியை மாட்டி, காதோரம் குனிந்து காம்பைச் சரிசெய்தாள்.

அந்த அம்மாள் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள்.

“தப்பா நினைக்காதம்மா. வீட்டுல வயசானவங்க படுத்த படுக்கையா இருக்காங்களா?”

“இல்லையே. ஏன் கேக்கறீங்க?”

“உன்மேல அந்த வாசனை அடிக்குது. என் மாமனாரை நான்தான் பாத்துக்கிட்டேன், எனக்குத் தெரியாதா?”

அவள் தன் கையை முகர்ந்தாள். கழுத்துத் துணியை இழுத்து முகர்ந்தாள்.

ஒன்றுமே தெரியவில்லை.

எப்பவும் கூடவே இருக்கிற வாசனை நம்ம மூக்குக்குத் தெரியாமப் போயிடும் என்று அந்த வீடியோப் பெண் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கடைக் கதவைத் திறந்துகொண்டு யாரோ உள்ளே வந்தார்கள். அவள் முதுகுக்குப் பின்னால், காலியாக இருந்த அவளுடைய நாற்காலி கிறீச்சிட்டது.