நாற்பத்து இரண்டு பாண்டாக்கள்

நாணயக் கண்காட்சி திறக்க இன்னும் பத்தொன்பது மணி நேரம்.

"ஐயோ... போச்சு!"

ஷாங்காய். ஆறாவது மாடி. கூ பெய்லின் போட்ட அலறலில் எதிர் வீட்டு மாஜோங் ஆட்டம் நின்றது.

வெல்வெட் பெட்டி. வருடத்துக்கு ஒன்றாக நாற்பத்து மூன்று குழிகள். நாற்பத்து இரண்டில் பாண்டா பொறித்த தங்கக் காசு. ஒரு குழி... காலி!

போலீசுக்கு போன் செய்தது மனைவி சூயுன். பேரனின் முதல் மாத விருந்துக்காக முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தவள், பூசிய கையோடு போனுக்கு ஓடினாள்.

இன்ஸ்பெக்டர் ருவான் உள்ளே வந்தபோது, கூவின் பிடியில் நண்பர் தாவ்வின் சட்டைக் காலர்.

"இவன்தான் மேடம்! நேத்து டீ குடிக்க வந்தான். இவனும் பாண்டா காசு சேர்க்கிறான். பொறாமை!"

"உன் டீயைக் குடிச்சதே பெரிய தண்டனைடா. அதுக்கு மேல ஜெயில் வேறயா?"

"எந்த வருஷக் காசு?" என்றாள் ருவான்.

"ரெண்டாயிரத்து ரெண்டு! வரிசை முழுசா இல்லன்னா நாளைக்கு நடுக் கண்ணாடிப் பெட்டி எனக்கு இல்ல. இருபது வருஷமா காத்திருக்கேன் மேடம்!"

தாவ் சிரித்தார்.

"நான் திருடியிருந்தா எண்பத்து ரெண்டைத் தூக்கியிருப்பேன். முதல் வருஷக் காசு! இதை எவன் எடுப்பான்?"

ருவான் குனிந்தாள். எல்லாக் காசிலும் பாண்டாப் பக்கம்தான் மேலே இருந்தது. வருடம் மறுபக்கத்தில்.

"படம் வருஷா வருஷம் மாறுமா?"

"மாறும்," என்றார் கூ. "ரெண்டாயிரத்து ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் மட்டும் ஒரே படம். காசு சேர்க்கிற எல்லாருக்கும் தெரியும்."

"சேர்க்காதவங்களுக்கு?"

ருவான் நிமிர்ந்தாள்.

"பூட்டு உடையல. அருமையான காசைத் தொடல. ஒரே மாதிரி இருந்த ரெண்டுல ஒண்ணு மட்டும் போயிருக்கு. எடுத்தது திருடன் இல்ல சார். சாவி இருக்கிற இடம் தெரிஞ்ச நல்லவங்க!"

சூயுனின் கையிலிருந்து ஒரு சிவப்பு முட்டை உருண்டது.

"என்னங்க... ஒரே கரடி ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு உபரின்னு நெனச்சு... பேரன் கழுத்துக்கு..."

"நீயா! போலீசைக் கூப்பிட்டதே நீதானே!"

"ரெண்டாயிரத்து ரெண்டைக் காணோம்னு கத்துனீங்க. கரடியைக் காணோம்னு சொன்னீங்களா?"

கூ பெருமூச்சு விட்டார்.

"சரி, போகட்டும். கயித்தை அவுத்துட்டு எடுத்துட்டு வா."

"கயித்தை அவுக்கலாம்..."

"அப்புறம் என்ன?"

சூயுன் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"கயிறு கோக்கறதுக்கு... தட்டான் பாண்டா நெத்தியில ஓட்டை போட்டுட்டான்ங்க!"

கூ சோபாவில் சரிந்தார். தாவ் காலரைச் சரி செய்துகொண்டு எழுந்தார்.

"அழாதடா. என் ரெண்டாயிரத்து ரெண்டை நாளைக்கு ஒரு நாள் வெச்சுக்கோ. நன்றின்னு சொல்லி டீ மட்டும் போட்டுராத!"