இரும்பு அசைந்தது

வகுப்பறை மேசைகளையெல்லாம் சுவரோரம் தள்ளியாயிற்று. நடுவில் எட்டுப் பேர் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். அவர்கள்தான் இரும்புத் தகடு. ஆளுக்கு ஓர் அணு.

இரண்டிரண்டு பேராகக் கைகோத்து ஓடி வருகிறவர்கள் காற்றின் மூலக்கூறுகள். மூலக்கூறு ஒன்று உலோகத்தில் மோதினால் என்ன ஆகும்? நாளைக்குப் பள்ளிக் கண்காட்சியில் இதைத்தான் நடித்துக் காட்ட வேண்டும்.

தகட்டுக்குத் தலைவன் டமாரம். அவன் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"இரும்புன்னா இரும்பு மாதிரி நிக்கணும்! யாராவது அசைஞ்சீங்க, அவ்வளவுதான்!"

அவனுக்குப் பக்கத்தில் வாலு நின்றாள். பேருக்கு ஏற்ற சேட்டைக்காரி. ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றாள்.

குண்டூசியும் அவளுடைய சித்தி மகளும் கைகோத்து ஓடி வந்தார்கள். வகுப்பிலேயே ஒல்லியானவள் குண்டூசி. டொம்! வந்த வேகத்திலேயே எகிறிப் போய்த் தரையில் விழுந்தார்கள்.

"இது சரியில்லையே," என்றார் அறிவியல் டீச்சர். "மூலக்கூறு தன்னோட வேகத்துல கொஞ்சத்தை இரும்புகிட்ட விட்டுட்டுத்தான் திரும்பும். நீங்க வந்த வேகத்துலயே போறீங்க. என்னமோ குறையுது."

"அவங்க சரியா மோதலை, டீச்சர்!" என்றான் டமாரம்.

மறுபடி ஓடி வந்தார்கள். மறுபடி டொம்! குண்டூசியின் முழங்கை சிராய்த்துவிட்டது.

"நான் வரலை. வேற யாரையாவது மூலக்கூறா போடுங்க," என்றாள்.

"ஒரே ஒரு தடவை வாடி," என்றாள் வாலு. "இந்தத் தடவை என் மேல வந்து மோது."

குண்டூசி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவள் தொடும் நேரத்தில் வாலு முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் சாய்ந்து கொடுத்தாள். சாய்ந்தவள் டமாரத்தை இடித்தாள். அவன் அடுத்தவனை இடித்தான். தகடு முழுவதும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஆடியது. குண்டூசியும் சித்தி மகளும் விழவில்லை. கைகோத்தபடியே ஒரு சுற்றுச் சுற்றி, ஆடி அசைந்து திரும்பிப் போனார்கள்.

"கெடுத்துட்டா! எல்லாத்தையும் கெடுத்துட்டா! ஏன்டி அசைஞ்சே?" டமாரம் கத்தியது மாடி வரை கேட்டிருக்கும்.

"அவ விழுந்துடுவாளேன்னுதான்..." என்று இழுத்தாள் வாலு.

டீச்சர் சிரித்துவிட்டார். "இதுதான் குறைஞ்சுது! இரும்போட அணுக்களை யாரும் ஆணி அடிச்சு வைக்கலை. நின்ன இடத்துலயே அதுங்க ஆடிக்கிட்டேதான் இருக்கும். மூலக்கூறு மோதினா அதோட ஆற்றல்ல கொஞ்சம் அணுக்களுக்குப் போயிடும். கொஞ்சம் மூலக்கூறைச் சுத்த வைக்கும். மிச்சத்தோட அது மெதுவா திரும்பும்."

"அப்போ இரும்பு அசையலாமா?" என்று டமாரம் கேட்டான்.

"அசையணும்."

மறுநாள் மேடையில் டமாரமே எல்லாரையும்விட அதிகமாக ஆடினான். குண்டூசி இந்த முறை நேராக அவன் மேல்தான் மோதினாள். மோதி, சுற்றி, சிரித்துக்கொண்டே திரும்பினாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

மேடையை விட்டு இறங்கும்போது டமாரம் அவளிடம் மெதுவாகக் கேட்டான். "வலிச்சுதா?"

"இல்லையே. உனக்கு?"

"கொஞ்சம்," என்றான் டமாரம், தோளைத் தேய்த்தபடி.