ஜெயக்கொடியின் காலி அறை

எலும்புக்கூடு கூரையிலிருந்து தொப்பென்று விழுந்தது. கீழே நின்ற குடும்பம் அண்ணாந்து பார்த்தது, அவ்வளவுதான். "பிளாஸ்டிக். நைலான் கயிறு. இடப்பக்கச் சுவருக்குப் பின்னால் சோணை என்பவர் இழுக்கிறார்" என்று அவர்கள் காதிலிருந்த காரணி போட்டுக் கொடுத்துவிட்டது. குடும்பத் தலைவர் சுவரைத் தட்டி, "சோணையண்ணே, சாப்டீங்களா?" என்று அன்போடு விசாரித்தார்.

வெள்ளைச் சேலையும் சவுரிமுடியுமாக வெளியே ஓடி வந்தான் சோணை. "பேயப் பாத்து சாப்டியான்னு கேக்குறாய்ங்கக்கா! இதுக்கு மேல நான் உசிரோட இருந்து என்ன பண்ண?"

"பேய் பேசுற பேச்சாடா இது?" என்றாள் பேய் வீட்டின் முதலாளி ஜெயக்கொடி. சிரிக்கத்தான் நினைத்தாள், வரவில்லை.

காரணி என்பது கடுக்கன் அளவே உள்ள கருவி. பார்ப்பது, கேட்பது, முகர்வது எல்லாவற்றுக்கும் அந்தக் கணமே காரணத்தைக் காதில் ஓதும். கதவு கிரீச்சிட்டால், கீலில் எண்ணெய் இல்லை. புளியமரத்தில் ஏதோ அசைந்தால், மரநாய். ஒரு காரணி கற்றதை ஊரிலுள்ள எல்லாக் காரணிகளும் உடனே கற்றுக்கொள்ளும். எந்தக் கேள்வியையும் பதிலில்லாமல் விடக்கூடாது என்பது, செய்தவர்கள் அதற்கு வைத்த முதல் விதி.

அது வந்த சில வருஷங்களிலேயே மதுரைச் சீமையின் முனியும் மோகினியும் மூட்டை கட்டிவிட்டார்கள். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? தகடு எடுத்து ஏமாற்றியவர்கள் ஒழிந்தார்கள். ஆனால் பயந்து அலறி, பக்கத்தில் இருப்பவரை இறுகப் பிடித்துக்கொண்டு, வெளியே வந்ததும் வெட்கத்தோடு சிரிக்கிற அந்தச் சுகமும் கூடவே போய்விட்டது. பொருட்காட்சியில் ஜெயக்கொடி அதைத்தான் விற்றுக்கொண்டிருந்தாள். அவளைக் கட்டியவரே இந்த வீட்டுக்குள் அலறி, யாரென்று தெரியாமல் அவள் கையைப் பிடித்த மனிதர்தான். அவர் போன பிறகு அவளுக்கு மிஞ்சியது இந்த வீடு ஒன்றுதான்.

பொருட்காட்சிச் செயலாளர் வேல்மயில் வந்து நின்றார். "இந்த எடத்த டெல்லி அப்பளத்துக்குக் குடுக்கப் போறேம்மா."

"ஏற்கெனவே ஒரு அப்பளக் கடை இருக்கே சார்?"

"அங்க கூட்டம் நெரியுது. இங்க ஈ காக்கா வரல. சரி, பழகின பாவத்துக்கு ஒண்ணு சொல்றேன். நாளைக்கு உச்சி வேளைக்கு நானே உள்ள வர்றேன். நான் அலறிட்டா எடம் உனக்கு."

அவர் போனதும் ஜெயக்கொடி ஆத்திரத்தைக் காட்ட வேறு ஆள் இல்லாமல் தன் காதிலிருந்த காரணியைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாத்துக்கும் காரணம் சொல்லுவியே. தோத்துட்டேன்னு தெரிஞ்சும் நான் எதுக்கு இத விடாமப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்? சொல்லு பாப்போம்!"

அவளுக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கலாம் என்றது காரணி.

ஜெயக்கொடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பொருளைக் காட்டினால் பொட்டில் அடித்தாற்போல் சொல்கிற சனியன், மனுஷி எதற்காக ஒன்றைச் செய்கிறாள் என்று கேட்டால் உளறுகிறதே!

"சோணை! எலும்புக்கூடு, கயிறு, வவ்வாலு, எல்லாத்தையும் கழட்டு."

"கடைய மூடிட்டமாக்கா?"

"இல்லடா. இப்பத்தான் தொறக்குறோம்."

மறுநாள் உச்சி வெயிலில் வேல்மயில் ஒரு கும்பலோடு உள்ளே நுழைந்தார். வெள்ளையடித்த காலி அறை. எல்லா விளக்குகளும் பளிச்சென்று எரிந்தன. ஜெயக்கொடி கதவைச் சாத்தி, அதில் சாய்ந்து கைகட்டி நின்றுகொண்டாள்.

"என்னம்மா, ஒண்ணுத்தையும் காணோம்?" என்றார் வேல்மயில்.

"கயிறு இல்லை. விசை இல்லை. ஒலிபெருக்கி இல்லை. ஒளிந்திருக்கும் ஆள் இல்லை" என்று எல்லோர் காதிலும் காரணி ஒப்பித்தது.

"அப்புறம் எதுக்கு எங்கள உள்ள விட்டுக் கதவச் சாத்துச்சு இந்தம்மா?" என்று கும்பலில் ஒருவர் காரணியைக் கேட்டார்.

காரணி மௌனமாயிற்று. அப்படியொரு மௌனத்தை அங்கிருந்த யாரும் கேட்டதில்லை. ஒருவர் காதைத் தட்டிப் பார்த்தார். ஒரு பெண் புருஷனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஜெயக்கொடி கதவில் இன்னும் அழுத்திச் சாய்ந்துகொண்டாள். மறுபடியும் ரத்த அழுத்தம் என்று உளறிவிட்டால் போச்சு!

ஆனால் பதில் சொல்லியே தீரவேண்டிய கருவி அல்லவா? மெல்லத் தொடங்கியது. "வாசலில் பேய் வீடு என்று எழுதியிருக்கிறது. உரிமையாளர் சொன்னால் சொன்னதைச் செய்பவர். இங்கே பேய் வேடம் போட்ட எதுவும் இல்லை. எனவே..."

"எனவே?" என்றார் வேல்மயில்.

"வேடம் போடாத ஒன்று இருக்க வேண்டும்."

"ஆத்தாடி!"

வேல்மயில் போட்ட அலறல் ராட்டினத்தின் உச்சியில் இருந்தவர்களுக்கும் கேட்டது. ஜெயக்கொடியைத் தள்ளிக்கொண்டு மொத்தக் கும்பலும் வெளியே பாய்ந்தது. செருப்பை விட்டவர்கள் எத்தனை பேர், யாரோ ஒருவர் பெண்டாட்டியைத் தன் பெண்டாட்டி என்று இழுத்துக்கொண்டு ஓடியவர் எத்தனை பேர்! வெயிலில் நின்று மூச்சு வாங்கினார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், கண்ணில் நீர் முட்டச் சிரித்தார்கள். பிறகு திரும்ப ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். அப்பளக் கடைக் கூட்டம் கையில் அப்பளத்தோடு பின்னால் சேர்ந்துகொண்டது.

"எடம் உனக்குத்தாம்மா" என்றார் வேல்மயில், நெற்றியைத் துடைத்தபடி. "இன்னொரு தடவ உள்ள போலாமா?"

சோணை சவுரிமுடியைத் தூக்கி வானத்தில் எறிந்து ஆடினான். ஜெயக்கொடி அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். ஜெயித்தே விட்டாள்!

அதற்குள் சங்கதி காரணிக்குக் காரணி பரவி ஊரெல்லாம் போயிருந்தது. வரிசையில் நின்ற பெண்ணுக்கு வீட்டிலிருந்து மகள் பேசினாள். "அம்மா, அடுப்படிக் கதவு கிரீச்சுனுச்சு. கீல்ல எண்ணெய் இல்லாம இருக்கலாம், ஆனா எதுக்கும் தனியாப் போகாதன்னு காரணி சொல்லுது. நீ சீக்கிரம் வா." பயந்த குரல்தான். ஆனால் அடியில் ஒரு குதூகலம் இருந்தது.

சாப்பாட்டு நேரத்துக்கு அறையைப் பூட்டப் போன ஜெயக்கொடி, விளக்கை அணைக்க சுவிட்சில் கைவைத்தாள்.

"விளக்கு இருக்கட்டும்" என்றது அவள் காதிலிருந்த காரணி.

"ஏன்?"

பதில் இல்லை. அவள் காத்துப் பார்த்தாள். அப்புறமும் இல்லை.

ஜெயக்கொடி சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காதோரம் மெல்லத் தட்டிக் கொடுத்தாள். "சரி, சரி. பயப்படாத. நான் இருக்கேன்ல."