பின்னறைச் சுவர்

பூசி எட்டு மாதம் ஆகியும் அந்தச் சுவர் மட்டும் காயவில்லை. அந்தப் பழைய மாளிகையைப் புதுப்பித்த பொறியாளர் அவள்தான். மூன்றாவது முறையாகத் தொட்டுப் பார்த்தாள். உள்ளங்கையில் ஈரம். சில்லென்று இருந்திருந்தால் எங்கோ குழாய் கசிகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். இது வெதுவெதுப்பாக இருந்தது, யாருடைய வாயருகிலோ கையை வைத்தது போல.

மற்ற அறைகளில் ஒரு குறையும் இல்லை. பளிங்குத் தரையையும் தேக்குத் தூண்களையும் பார்க்க வருகிறவர்கள், "நம்ம முன்னோர் எப்படி வாழ்ந்திருக்காங்க பாரு" என்று பிள்ளைகளிடம் காட்டிப் பூரித்துப் போவார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான். வேலைக்காரர்களை அடைத்துவைத்த இந்தப் பின்னறையில் மட்டும் சுவர் முழுக்க ஆணியால் கீறிய பெயர்கள் இருந்தன. பூச வந்த அன்று அவற்றைப் பார்த்ததும் கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"பேருங்கம்மா. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பூசலாமே."

திறப்பு விழாவுக்கு நான்கே நாள் இருந்தது. "அசிங்கமா இருக்கு. பூசுங்க" என்றாள்.

இன்று மதியம் ஒரு பெரியவர் மகளின் கையைப் பிடித்தபடி வந்தார். எல்லோரும் படம் எடுத்துக்கொண்ட தூண்களை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராகப் பின்னறைக்கு வந்து வெள்ளைச் சுவரைத் தடவினார்.

"எங்க அம்மா இங்க பாத்திரம் தேய்ச்சவங்கம்மா. இந்தச் சுவத்துல அவங்க பேர் இருக்குன்னு சொல்வாங்க. அவங்க பேரை எழுதினது இந்த ஒரு இடத்துலதான்."

"அப்படி ஒண்ணும் இங்க இருந்ததில்லைங்க" என்றாள், வாய் கூசாமல்.

அவர் கோபப்படவில்லை. "அப்ப அம்மாதான் ஏதோ ஆசையில சொல்லியிருப்பாங்க போல" என்று சிரிக்கப் பார்த்தார். மகள் அவரை அணைத்தபடி கூட்டிப்போனாள்.

அவர்கள் போனபின்னும் அந்தச் சிரிப்பு அவளை விடவில்லை. ஒரு மகன் வாயாலேயே அவன் தாயைப் பொய்க்காரி ஆக்கிவிட்டோமே.

மாலையில் கடைசி ஆளும் போனபின் உளியோடு வந்து சுவர் முன் மண்டியிட்டாள். ஒரு பெயரையாவது மீட்டுக்கொண்டு போய் அவர் காலில் விழ வேண்டும். சுண்ணாம்பின் காரம் மூக்கில் ஏறியது. அதற்கடியில் வேறொரு வாடை, நாள்கணக்கில் திறக்காத வாயின் வாடை. உளியை வைத்துத் தட்டினாள். ஒரு செதில் உதிர்ந்தது. உள்ளே நறநறவென்று ஏதோ அரைபட்டது.

கையை எடுத்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

"மன்னிச்சிடுங்க" என்றாள்.

விரிசல் ஓடியது. பூச்சு பாளம் பாளமாகச் சரிந்தது.

கல் இல்லை. பெயர் இல்லை.

வாய்கள். தரையிலிருந்து கூரைவரை. ஒவ்வொன்றிலும் பல்லிடுக்குவரை திணித்த சுண்ணாம்பு. எல்லாம் அதை மென்று மென்று விழுங்கிக்கொண்டிருந்தன.

அவள் முகத்துக்கு நேராக இருந்த ஒன்று மட்டும் மென்று முடித்திருந்தது.